வேடியப்பன் கல்லுக்குப் படையல்: எழுத்து அழியாமல் நடுகல்லைக் கும்பிடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரை, புளியமரத்தடி, மானாவாரிக் காட்டு வரப்பு என்று எங்கே பார்த்தாலும் மஞ்சள் பூசி வேட்டி சுற்றிய பலகைக்கல் ஒன்று நிற்கும். கேட்டால் வேடியப்பன் என்பார்கள். ஓசூர், தளி பக்கம் வீரகல்லு என்பார்கள். துணியை விலக்கினால் வில்லும் குறுவாளுமாக ஒரு ஆள் தெரிவான். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கு நின்றவன், ஊருக்காகத் தலை கொடுத்தவன் என்று அவன் யாராகவும் இருக்கலாம்.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷமாக இந்தக் கற்கள் நிற்பதற்குக் காரணம் சாமி என்று கும்பிட்டதுதான். கும்பிட ஆளில்லாமல் போன கற்கள் வாய்க்கால் பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போயின. இன்றைக்கோ கும்பிடுகிற கல்தான் அதிகம் கெடுகிறது. எனாமல் பெயிண்ட், டைல்ஸ், சிமெண்ட் மேடை, வருஷம் முழுக்க எண்ணெய் என்று பக்தியோடு செய்கிற வேலையே செத்தவனின் பேரை அழித்துவிடுகிறது. கும்பிடாமல் விடச் சொல்லவில்லை. எப்படிக் கும்பிட்டால் கல்லும் எழுத்தும் நிற்கும் என்பதுதான் கீழே இருக்கிறது.

எந்தக் கல் என்று தெரிந்துகொள்வது

படையலுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு நாள் காலையில் போய்க் கல்லை நிதானமாகப் பாருங்கள். காலை 7 மணி வெயிலோ மாலை 5 மணி வெயிலோ பக்கவாட்டில் விழும்போதுதான் செதுக்கு தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல் நிழலில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைத் திருப்பி விடுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சாக்பீஸ், சுண்ணாம்பு, கரி கொண்டு எழுத்தின் மேல் வரைந்து பார்க்கவே கூடாது. தப்பாக வரைந்த கோடுதான் அப்புறம் எல்லார் கண்ணிலும் எழுத்தாகத் தெரியும்.

வீரனுக்கு எதிரே புலி நின்றால் அது புலிகுத்திப்பட்டான் கல். காலடியில் மாடுகள் இருந்தால் தொறுப்பூசலில், அதாவது மாட்டு மந்தைக்கான சண்டையில், பட்டவன். தன் கழுத்திலேயே கத்தி வைத்திருந்தால் நவகண்டம், அதாவது தன்னையே பலி கொடுத்தவன். பக்கத்தில் ஒரு பெண் கையைத் தூக்கி நின்றால் உடன்கட்டை ஏறியவளும் அங்கே இருக்கிறாள் என்று பொருள். அவளுக்கும் சேலையும் வளையலும் வைக்க வேண்டும். பல இடங்களில் அவளை விட்டுவிட்டு வேட்டி மட்டும் சுற்றிவிடுகிறார்கள். பழைய கற்களில் பெரும்பாலும் வீரன் ஒருவன் மட்டும் ஒரே பரப்பில் இருப்பான், காலருகே சின்னக் கிண்டியோ சிமிழோ இருக்கும். பிற்காலத்துக் கற்களில் மூன்று அடுக்கு உண்டு: அடியில் சண்டை, நடுவில் தேவப்பெண்கள் அவனைத் தூக்கிப் போவது, உச்சியில் லிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது.

எழுத்து இருந்தால் வழக்கமாகத் தலைக்கு மேலோ இரண்டு பக்கத்திலோ இருக்கும். பல்லவர் காலத்துக் கற்களில் வட்டெழுத்து. அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பேர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், யாருடைய சேவகன், என்ன சண்டை, கடைசியில் ‘இன்னான் கல்’. ஓசூர்ப் பக்கத்தில் கன்னட எழுத்தும் இருக்கும். நாய்க்குக்கூட இப்படிப் பேர் பொறித்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டுக் கல்லில், எஜமான் விழுந்த இடத்தில் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய் எஜமானோடு சேர்ந்தே நிற்கிறது. நாய் பேரே நின்றிருக்கிறது என்றால் உங்கள் ஊர் ஆள் பேரை எனாமலுக்குப் பலி கொடுக்கலாமா?

கல் படிக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். செங்கம் பகுதி நடுகற்களைத் தொல்லியல் துறை 1972-ல் நூலாகவே போட்டது. தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளுக்கும் துறைத் தொகுதி உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் போட்டோவைக் காட்டிக் கேட்கலாம். பேர் தெரிந்து படைப்பது வேறு, தெரியாமல் படைப்பது வேறு.

கழுவுவது

படையலுக்கு மூன்று நாள் முன்பு கழுவினால் போதும். தேவையானவை: சுத்தமான தண்ணீர் 40 லிட்டர், மெதுவான நைலான் பிரஷ் இரண்டு, மூங்கில் குச்சி, பருத்தித் துணி. சோப்பு, சீயக்காய், பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷும் உளியும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அடியை முதலில் நனைத்து, பிறகு மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த கல்லில் அழுக்குத் தண்ணீர் ஓடினால் கறைக்கோடு நின்றுவிடும். பத்து நிமிஷம் ஊற விட்டு, பிரஷ்ஷை வட்டமாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். மஞ்சள், சந்தனம், விபூதி எல்லாம் இதிலேயே போய்விடும். எழுத்துப் பள்ளத்தில் அடைந்ததை மூங்கில் குச்சியால் மட்டும் எடுங்கள். வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும் கற்பாசியை உரித்து எடுக்கப் பார்க்காதீர்கள். அதன் வேர் கல்லின் மேல்தோலுக்குள் போயிருக்கும், பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும்.

கஷ்டமானது எண்ணெய்க்கறை. நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ பூசப் பூசத் தூசியைப் பிடித்து, காற்றில் இறுகி, கறுப்புத் தாராக ஆகிவிடும். பல கற்களில் இந்தப் பூச்சு எழுத்தை முழுசாக நிரவி, கல் வெறும் வழவழப்பாகத் தெரியும். சுரண்டினால் எழுத்தும் போகும். மண்ணெண்ணெய், தின்னர் போட்டால் கரைந்த எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும். துறையின் ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு செய்ய வேண்டிய வேலை அது. நீங்கள் செய்யக்கூடியது இனிமேல் பூசாமல் இருப்பது. எனாமல் பெயிண்ட்டும் அப்படித்தான். கல் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், அது முகத்தின் வழியாக ஆவியாக வேண்டும்; பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடும். சில வருஷத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரியும்போது பின்னால் கல்லின் சில்லும் ஒட்டிக்கொண்டு வரும்.

பால், தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தம் அபிஷேகம் கோயில் கருவறைக் கல்லுக்கு வழக்கம். அங்கே தினமும் கழுவ ஆள் இருக்கிறார். காட்டில் வருஷத்துக்கு ஒரு தரம் ஊற்றிவிட்டுப் போனால் எறும்பும் பூஞ்சையும்தான் மிச்சம். வெறும் தண்ணீர் அபிஷேகமே பழைய முறையும்கூட. கல் எடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். இதில் பாலும் இல்லை, தேனும் இல்லை.

பொருள் சேர்ப்பது

நாள் அவரவர் பங்காளி வழக்கம். தைப் பொங்கலை ஒட்டியும் ஆடியிலும்தான் அதிகம். எது என்றாலும் கல் யார் நிலத்தில் இருக்கிறது, யார் யாருக்குக் கும்பிடும் முறை இருக்கிறது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒரே கல்லை இரண்டு மூன்று வகையறா குலசாமியாக வைத்திருப்பது சகஜம். தகராறு வருவது முதல் படையல் யாருடையது என்பதில்தான்.

25 பேருக்குக் கணக்கு: சாமை 1 கிலோ, பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் 1 கிலோ, பால் அரை லிட்டர். இது சர்க்கரைப் பொங்கலுக்கு. சாப்பாட்டுக்குக் களி என்றால் கேழ்வரகு மாவு 3 கிலோ, நொய் அரைக் கிலோ. கிடா வெட்டுவதாக இருந்தால் உயிர் எடை 12 கிலோ உள்ள ஆட்டில் கறி 5 முதல் 6 கிலோ தேறும், ஆளுக்கு 200 கிராம் வரும். சேவல் என்றால் குறைந்தது நான்கு வேண்டும். தேங்காய் 3, வாழைப்பழம் 2 சீப்பு, வெற்றிலை பாக்கு, எலுமிச்சை 5, அகல்விளக்கு 3, புது வேட்டி ஒன்று, துண்டு ஒன்று. பூ வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சாமந்தி 2 கிலோ போதும், தை மாதம் என்றால் ஆவாரம்பூ காட்டிலேயே இருக்கும்.

மயில் தோகை சூட்டுவது சங்க காலத்து வழக்கம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 232-ஆம் பாட்டில், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வார்ப்பது வருகிறது. தகடூர் என்பது இந்தத் தருமபுரிதான். தோகை வைப்பதாக இருந்தால் தானாக உதிர்ந்ததை மட்டும் எடுங்கள், மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம். கள் இறக்க 1987 முதல் தடை இருப்பதால் இப்போது கடைச் சரக்குதான் வைக்கிறார்கள். அதைக் கல்லின் மேல் ஊற்றாமல் மண் குவளையில் வார்த்து முன்னால் வையுங்கள், பழைய முறையும் கலத்தில் வார்ப்பதுதான்.

பொங்கல் வைப்பது

6 லிட்டர் கொள்ளும் புதுப் பானையை முதல் நாள் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கப் போட்டு, காலையில் நிழலில் வடிய விடுங்கள். ஊறாத பானை தீ ஏறியதும் விரியும், அதை ஊர் அபசகுனம் என்று பேசும். அடுப்பு கல்லிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, காற்று கல்லிலிருந்து அடுப்பை நோக்கி வீசும் பக்கமாக இருக்க வேண்டும். அனல் பட்டால் கருங்கல் பொரிந்து தகடு தகடாகக் கழலும். சூடான கல்லில் தண்ணீர் பட்டால் விரிசல் நிச்சயம். கல்லின் அடியிலேயே கற்பூரம் கொளுத்துவதும் இதே காரணத்தால் கூடாது. தட்டில் கொளுத்திக் காட்டுங்கள்.

சாமையைக் கல் அரித்துக் கழுவி, இரண்டாவது கழுநீரை எடுத்து வையுங்கள். கழுநீர், தண்ணீர், பால் எல்லாம் சேர்ந்து 5 லிட்டர் வந்து, பானையின் கழுத்துவரை நிற்க வேண்டும். பலர் அரைப்பானைத் தண்ணீர் வைத்துவிட்டுப் பொங்கவில்லையே என்று தவிப்பார்கள். பொங்கி வழிந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீரை முகந்து தனியே வைத்துவிட்டு, பருப்பையும் பாதி வெந்ததும் சாமையையும் போடுங்கள். சாமை கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பச்சரிசி போல நினைத்துத் தீயை எரிய விட்டால் அடிப்பிடிக்கும். முகந்த தண்ணீரை இறுகுவதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஊற்றுங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் பருப்பு வேகாமல் நிற்கும். இறக்கும்போது கொஞ்சம் தளர இருக்கட்டும், ஆறினால் சாமை கெட்டியாகிவிடும்.

படைப்பது

கல்லின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் அப்ப வேண்டாம். நெற்றிக்கு ஒரு சின்னப் பொட்டு, அதுவும் எழுத்து இல்லாத இடத்தில். கடைக்குங்குமத்தில் சாயம் இருக்கிறது, கறை போகாது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வீட்டில் செய்ததானால் பரவாயில்லை. மனசு கேட்காதவர்கள் முன்னால் ஒரு சின்னக் குழவிக்கல்லை நட்டு, எண்ணெய், மஞ்சள், அபிஷேகம் எல்லாவற்றையும் அதற்குச் செய்யலாம். மூலவர் ஒருவர், உற்சவர் ஒருவர் என்று கோயிலிலேயே இருக்கிறதே. பூசாரிகள் இதை மறுப்பில்லாமல் ஒத்துக்கொள்வார்கள், எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

வேட்டியைக் கல்லைச் சுற்றிக் கட்டி, மாலை போட்டு, வாழையிலை விரியுங்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் வரவேண்டும். இங்கே சாப்பிடுகிறவர் கல். அதனால் எதிரே நிற்கிற உங்களுக்கு நுனி வலது பக்கம். பொங்கல் மூன்று கரண்டி, களி மூன்று உருண்டை, கறிக்குழம்பு, பழம், வெற்றிலை. வீரனோடு பெண் இருந்தால் இலை இரண்டு. நாயோ குதிரையோ செதுக்கியிருந்தால் தரையில் ஒரு பிடி சோறு தனியாக வைக்கும் வழக்கம் நல்லது.

கிடா வெட்டு கல்லுக்கு எதிரே அல்லாமல் தள்ளி நடக்கட்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆடு உடம்பைச் சிலிர்த்த பிறகுதான் கத்தி எடுக்க வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள், குடிகாரக் கூட்டம் அவசரப்படுத்துவதுதான் இதில் வரும் கோளாறு. உயிர்ப்பலித் தடைச்சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டது, ஆகவே தாசில்தாரிடம் அனுமதி என்று யாரும் அலைய வேண்டாம். ரத்தத்தைக் கல்லில் பூசாமல் சோற்றில் பிசைந்து எல்லையில் எறியுங்கள்.

வாழ்த்துவதை விட்டுவிடாதீர்கள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியதும் எல்லாரும் கறிச்சோற்றுக்கு ஓடிவிடுகிறார்கள். கல்லில் உள்ள வாசகத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும்: எந்த அரசன் காலம், எந்த ஊர், எதற்காகச் செத்தான், என்ன பேர். பேர் தெரியாவிட்டால் ‘புலி குத்திப் பட்டவரே’, ‘மந்தை மீட்டவரே’ என்று செயலைச் சொல்லிக் கூப்பிடலாம். அதன் பிறகு அந்த வருஷம் இறந்த பங்காளிகளின் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜப்பானின் வடகோடி ஹொக்கைடோவில் ஐனு மக்கள் முன்னோருக்குச் செய்வதைப் பார்த்தால் இந்த வரிசை நமக்குப் புதிதாக இருக்காது. முதலில் அடுப்பு நெருப்பில் இருக்கும் பாட்டித் தெய்வத்துக்கு வேண்டுதல். பிறகு வெளியே வரிசையாக நட்ட, சுருள் சுருளாகச் சீவிய மரக்குச்சிகளின் முன் தானியக் கள்ளைச் சொட்டவிட்டு, பண்டங்களைப் பிய்த்துச் சிதறி முன்னோருக்குப் பங்கு கொடுப்பது. 1669-ல் மாட்சுமே என்ற ஜப்பானியப் பிரபு வம்சத்தின் ஆட்சிக்கு எதிராகப் போரிட்டு, சமாதானப் பேச்சு என்று அழைக்கப்பட்ட இடத்தில் கொல்லப்பட்ட ஷாகுஷைனுக்கு ஷிசுனாய் ஊரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர் பேர் சொல்லியே நினைவுச் சடங்கு நடக்கிறது. அவர்களுக்கென்று எழுத்து இருந்ததில்லை, பழமையெல்லாம் வாய்ச்சொல்லில்தான் வந்திருக்கிறது. நமக்குக் கல்லிலேயே இருக்கிறது, படிக்கத்தான் சோம்பல்.

சாய்ந்த கல், புதைந்த கல்

5 அடி உயரம், இரண்டரை அடி அகலம், அரை அடி கனமுள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 480 கிலோ இருக்கும். நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்திவிடலாம் என்று நினைத்துக் காலை நசுக்கிக்கொள்ளாதீர்கள். ஜேசிபி சங்கிலி போட்டு இழுத்தால் விளிம்பிலிருக்கும் எழுத்து முதலில் போகும். கொஞ்சம் சாய்ந்த கல் அப்படியே நூறு வருஷம் நிற்கும். விழப் போகிறது என்றால் சாயும் பக்கம் சாக்கு சுற்றிய மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டுத் துறைக்குச் சொல்லுங்கள்.

சிமெண்ட் மேடை போடாதீர்கள். கீழ்வரியில்தான் பல கற்களில் வீரனின் பேரே இருக்கிறது, மேடை அதை விழுங்கிவிடும். சிமெண்டின் உப்பு ஈரத்தோடு ஏறி, மேடைக்கு அரை அடி மேலே வெள்ளையாகப் பூத்து, அந்த இடத்தில் கல் உதிரும். மேடை வேண்டுமென்றால் கல்லைச் சுற்றி ஒரு அடி இடம் விட்டு ஜல்லி கொட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வைத்துக் கட்டுங்கள். தகரக் கூரை போட்டால் அதிலிருந்து விழும் தண்ணீர் கல்லின் முகத்தில் படாதபடி இரண்டடி நீட்டிப் போடுங்கள்.

உழும்போது புதுக் கல் கிடைத்தால் கழுவவும் வேண்டாம், வீட்டுக்கு இழுத்து வரவும் வேண்டாம். மண்ணோடு, சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ; பக்கத்தில் ஒரு அளவு டேப்; உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்க்கிறது, சர்வே எண். இவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையையோ கல்லையோ உரிமம் இல்லாமல் விற்று வியாபாரம் செய்வது தனிக் குற்றம். மைப்படி எடுக்க ஆய்வாளர்கள் வந்தால் ஊர் மறுக்க வேண்டியதில்லை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, தாளின் மேல்தான் மை ஒற்றுவார்கள். கல்லில் மை படாது. எண்ணெய் ஊறிய கல்லில் மட்டும் தாள் ஒட்டாது.

வாசகம் படிக்கப்பட்டதும் அதை இன்றைய எழுத்தில் ஒரு சின்னக் கடப்பாக்கல்லில் வெட்டி, நடுகல்லுக்கு மூன்றடி தள்ளி, தனியாக ஊன்றுங்கள். உபயதாரர் பேர் அந்தப் பலகையின் பின்பக்கம் போதும்.